சின்ன சமையலறை, ஒரே ஜன்னல்: அடுப்பை நகர்த்தி வைத்த அனுபவம்

ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த காஸ் அடுப்பை அங்கிருந்து எடுத்து, பக்கச் சுவரோரம் இரண்டரை அடி தள்ளி வைத்தேன். வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு தள்ளினால் போதும், தள்ளிய பிறகு ஜன்னலை என்ன செய்வது என்று தெரிந்துகொள்வதில்தான் பெரும்பகுதி நேரம் போனது. சின்ன சமையலறை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

அறை ஆறடிக்கு எட்டடி. குறுகலான சுவர் ஒன்றில் ஜன்னல், அதற்கு நேர் எதிர்ச் சுவரில் வாசல். மேடை ‘ட’ வடிவத்தில் ஜன்னலுக்கு அடியில் ஆரம்பித்து இடப்பக்க நீளச் சுவரோடு வாசல் வரை போகிறது. வாசல் பக்கத்து முனையில் பாத்திரம் கழுவும் தொட்டி. ஜன்னலில் இரண்டு கண்ணாடிக் கதவுகள், பக்கவாட்டில் நகரும் வகை. அதற்கு மேலே சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். அடுப்பு இரண்டு பர்னர், இரண்டடி அகலம், சிலிண்டரில் எரிவது.

ஜன்னலடியில் அடுப்பு வைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நியாயமானவைதான். பகல் வெளிச்சம் நேராகப் பாத்திரத்துக்குள் விழும். ஆவியும் புகையும் அப்படியே வெளியே போய்விடும் என்று தோன்றும். ஆனால் ஜன்னல் வழியாகக் காற்று வெளியே மட்டும் போவதில்லை. உள்ளே வருவதும் அதே வழிதான். அப்படி வரும்போது அது முதலில் தொடுவது பர்னரை.

காஸ் சுடர் எவ்வளவு மென்மையானது என்பதற்கு ஒரு கணக்கு. புரோப்பேன் காற்றோடு கலந்து எரியும்போது தீ முன்னேறும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 40 செ.மீ. முகத்தில் படுவதை உணரக்கூடிய மெல்லிய தென்றலே விநாடிக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். பர்னர் துளைகளின் அமைப்பு சுடரைப் பிடித்து நிறுத்துகிறது, மேலே இருக்கும் பாத்திரமும் கொஞ்சம் மறைப்பாக இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வீச்சுக்கும் அடுப்பு அணைந்துவிடுவதில்லை. சிம்மில் வைத்துவிட்டால் நிலைமை வேறு. துளையிலிருந்து வரும் காஸ் குறைவு, சுடர் குட்டை, ஒரு திடீர் வீச்சு போதும். நாம் அடுப்பைச் சிம்மில் வைப்பதே பெரும்பாலும் வேறு வேலை பார்க்கத்தான் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

சுடர் அணைந்தாலும் காஸ் நிற்பதில்லை. சுடர் போனால் காஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்புகள் இருக்கின்றன. பர்னர் ஓரமாக ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அது ஆறியதும் வால்வு மூடும். அது ஆறுவதற்கும் நேரம் வேண்டும் என்பதால் அந்த வால்வும் அதே கணத்தில் மூடிவிடாது. பழைய அடுப்புகளிலும் விலை குறைந்த அடுப்புகளிலும் அது இருக்காது. எங்கள் அடுப்பிலும் இல்லை.

வெளிவரும் காஸ் எங்கே போகும் என்பது இன்னும் முக்கியம். சிலிண்டர் காஸ் புரோப்பேன், பியூட்டேன் கலவை. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது மேடையிலிருந்து வழிந்து தரைக்குத்தான் போகும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் அளவை எட்டிவிடும். ஜன்னல் இருப்பதோ தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில். ஜன்னல் திறந்துதானே இருக்கிறது, கசிந்தாலும் வெளியே போய்விடும் என்ற நம்பிக்கைக்குச் சிலிண்டர் காஸ் விஷயத்தில் அடிப்படையே இல்லை. குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு நேர்மாறு. அது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசானது, மேலே ஏறிக் கூரையோரம் தங்கும். எந்த காஸ் என்று தெரியாமல் காற்றோட்டத்துக்கு வழி செய்ய முடியாது.

அணையாமல் சாய்ந்து எரிந்தாலும் கெடுதல்தான். ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 பங்கு. காற்று தாறுமாறாக அடிக்கும்போது சுடர் குளிர்ந்து, நுனி மஞ்சளாகி, பாத்திரத்தின் ஒரு பக்கம் மட்டும் கரி படிகிறது. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனை கிடையாது. சாய்ந்த சுடர் பாத்திரத்தின் அடியை விட்டு விலகிக் கைப்பிடியைச் சுடும். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் வாசல் பக்கம் பார்த்த கைப்பிடிகள்தான் கருகியிருந்தன. காற்று எந்தத் திசையில் வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிவு வேண்டியதில்லை.

இன்னொன்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பர்னர்மேல் விழும் நேரத்தில் நீலச்சுடர் கண்ணுக்கே தெரிவதில்லை. எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று குனிந்து, கையால் மறைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிச்சத்துக்காக ஜன்னலடியில் வைத்த அடுப்பில், வெளிச்சமே சுடரை மறைத்துவிடுகிறது.

காகிதக் கீற்று சோதனை

புது இடத்தைக் கண்ணளவில் முடிவு செய்ய எனக்கு மனமில்லை. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்கு, ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து நூலில் கட்டினேன். நூலை மேலே அலமாரியின் அடிப்பகுதியில் டேப்பால் ஒட்டி, காகிதத்தின் கீழ்நுனி சரியாகப் பர்னர் உயரத்தில் வரும்படி தொங்கவிட்டேன். மேடை நெடுகிலும் இப்படிப் பல இடங்களில். அடுப்பு எரியவில்லை, ரெகுலேட்டரும் மூடியிருந்தது. காகிதம் தொங்கும் இடத்தில் தீ இருக்கக் கூடாது, அதனால் சோதனை முடியும்வரை சமையல் கிடையாது.

காற்று நாள் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் காலை, மதியம், சாயங்காலம் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஜன்னல் கதவுகளையும் வாசல் கதவையும் மாற்றி மாற்றித் திறந்தும் மூடியும். ஜன்னலடியில் இருந்த கீற்று கிட்டத்தட்ட எப்போதும் வாசல் பக்கம் சாய்ந்தே இருந்தது. எதிர்பார்த்ததுதான். ஜன்னலும் வாசலும் நேருக்கு நேர் இருப்பதால் காற்று அறை நடுவே ஒரு கால்வாய் மாதிரி ஓடுகிறது.

எதிர்பாராதது பக்கச் சுவரில் தெரிந்தது. ஜன்னலின் வலப்பக்கக் கதவைத் திறந்தால் இடச்சுவரோரத்துக் கீற்றுகள் லேசாக நடுங்கியதோடு சரி. இடப்பக்கக் கதவைத் திறந்ததும் சுவரை ஒட்டியே காற்று வந்து, மூன்றடி தள்ளி இருந்த கீற்றைக்கூடத் தூக்கியது. ஆக, தூரம் மட்டும் கணக்கில்லை, எந்தக் கதவு திறக்கிறது என்பதும் கணக்கு. அடுப்பை எவ்வளவு தள்ளினாலும் ஜன்னலைத் தொடாமல் இந்த வேலை முடியாது என்பது அப்போதே புரிந்துவிட்டது.

வாசல் கதவைப் பட்டென்று திறந்தால் தொட்டிப் பக்கத்துக் கீற்று பலமாக ஆடியது. அடுப்பை வாசலோரம் கொண்டுபோகும் யோசனை அதோடு போயிற்று. அது இல்லாவிட்டாலும் அந்த இடம் சரியில்லை. உள்ளே நுழைகிறவர் கைப்பிடியில் இடிப்பார், ஏதாவது தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழியும் அடுப்பைத் தாண்டித்தான் இருக்கும்.

அட்டை வைத்து இடம் பார்த்தது

அடுப்பின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, பர்னர் இரண்டின் மையத்தையும் மார்க்கரால் குறித்துக்கொண்டேன். அதன்மேல் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தைக் காலியாக வைத்துப் பார்க்க வேண்டும். அடுப்பின் விளிம்புக்குள் பாத்திரம் அடங்குவதே இல்லை. பக்கவாட்டில் நான்கு அங்குலம் வரை வெளியே நீண்டது, கைப்பிடி அதற்கும் மேல். அடுப்புக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி என்று அளக்கும்போது உண்மையில் அளக்க வேண்டியது பாத்திரத்தின் விளிம்பிலிருந்துதான்.

அமெரிக்காவில் சமையலறை வடிவமைப்பாளர்களுக்கான நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன் என்ற அமைப்பு தரும் பரிந்துரைகளில் இந்த விஷயம் நேராகவே இருக்கிறது. திறக்கக்கூடிய ஜன்னலுக்கு அடியில் அடுப்பு வேண்டாம், அடுப்புக்கு மேல் இருக்கும் ஜன்னலில் எரியக்கூடிய திரைச்சீலை வேண்டாம் என்கிறது. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க அடுப்பின் ஒரு பக்கம் குறைந்தது 12 அங்குலமும் மறுபக்கம் 15 அங்குலமும் வேண்டும். மேலே மர அலமாரி மாதிரி எரியக்கூடிய பொருள் இருந்தால் 30 அங்குல இடைவெளி வேண்டும். சிறிய அறையில் எல்லாப் பரிந்துரையையும் நிறைவேற்ற முடியாதுதான். ஆனால் இந்த அளவுகள் எட்டடிச் சுவருக்குள்ளேயே அடங்கின. ஜன்னல் சுவரிலிருந்து அடுப்பின் விளிம்புக்கு இரண்டரை அடி, மறுபுறம் தொட்டிக்கு ஒன்றரை அடி. தொட்டியை ஒட்டி வைத்திருந்தால் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் பர்னரிலும் சூடான எண்ணெயிலும் விழும், அதனால் அந்த ஒன்றரை அடியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. உயரத்தில்தான் இடித்தது. மேலே இருந்த மர அலமாரி 24 அங்குலத்தில் இருந்தது. அந்த ஒரு பகுதியை மட்டும் கழற்றிவிட்டேன்.

அடுப்போடு வரும் கையேட்டில் சுவர், அலமாரி இடைவெளிகள் கொடுத்திருப்பார்கள். அது இந்தப் பொது அளவுகளிலிருந்து வேறுபட்டால் கையேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அடுப்பின் சூட்டை அளந்து எழுதியது அது.

அட்டையை அங்கேயே டேப் போட்டு ஒட்டி, முழுச் சமையலையும் நடித்துப் பார்க்கச் சொன்னேன் அம்மாவை. தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து வருவது, அடுப்பில் ஏற்றுவது, இறக்குவது. “ஜன்னல் கொண்டிக்குக் கை நீட்ட வேண்டியதில்லை, அதுவே போதும்டா” என்றார். பழைய இடத்தில் கொண்டியைத் திறக்க எரியும் பர்னரைத் தாண்டி எக்க வேண்டியிருந்தது, சேலைத் தலைப்பு எந்த நேரமும் சுடருக்கு மேலே. காற்றை அளந்து நான் கண்டுபிடித்த காரணங்களைவிட அவருக்கு இதுதான் பெரிது. அவர் சொன்னது சரியும்கூட. ஜன்னலடி அடுப்பில் முதலில் தீப்பிடிக்கக்கூடியது உடுத்தியிருக்கும் துணிதான்.

நகர்த்தியது

இது குறைந்த நேரத்தில் முடிந்த வேலை, ஆனால் கவனம் அதிகம் வேண்டியது. ரெகுலேட்டரை மூடி, பர்னரில் மிச்சமிருந்த காஸ் எரிந்து தீர்ந்த பிறகுதான் அடுப்பை அசைத்தேன். இருந்த ரப்பர் குழாய் புது இடத்துக்கு எட்டினாலும் அடுப்புக்குப் பின்புறமாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பர்னரின் சூடு படுகிற வழியில் குழாய் போகவே கூடாது. மேலே அச்சிட்டிருந்த காலாவதித் தேதியும் நெருங்கிவிட்டது. புதுக் குழாயை, தேவையான நீளத்துக்கு, மெக்கானிக்கை வைத்து மாற்றினேன். இரண்டு துண்டுக் குழாயை நடுவில் இணைத்து நீளமாக்குவது, சுவரில் ஓட்டை போட்டு உள்ளே நுழைத்து எடுப்பது இரண்டுமே வேண்டாம். கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நிலையான காஸ் பைப் இருக்கும் வீட்டில் இந்தக் கட்டத்தை முழுக்கவே உரிமம் பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

மாட்டிய பிறகு சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்தோம். குமிழி வளர்ந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சிலிண்டர் மேடைக்குக் கீழே நிமிர்த்தி, கதவு போடாத திறந்த இடத்தில் இருக்கிறது. வாசல் கதவின் அடியில் இருந்த இடைவெளியைப் பூச்சி வருகிறது என்று ரப்பர் பட்டை ஒட்டி அடைத்திருந்தோம், அதை எடுத்துவிட்டேன். தரையில் தேங்கும் காஸுக்கு இந்த அறையில் இருந்த ஒரே தாழ்வான வழி அதுதான். ஆனால் அந்த வழி வீட்டுக்குள்ளேதான் திறக்கிறது. அதனால் வெளிச்சுவரில் தரையோரமாக ஒரு சின்னக் காற்றுத் துளையும் போட்டு, இரும்பு வலை பொருத்தினேன்.

ஜன்னலைச் சரிசெய்தது

நகரும் ஜன்னலில் இரண்டு கதவுகளும் நகரும் என்பதுதான் சிக்கல். இடப்பக்கக் கதவின் தண்டவாளத்தில், அது நகர முடியாதபடி ஒரு சின்ன அலுமினியக் கட்டையைத் திருகாணி போட்டு நிறுத்தினேன். இனி வலப்பக்கக் கதவு மட்டும்தான் திறக்கும். அதாவது அடுப்புச் சுவரிலிருந்து தள்ளி இருக்கும் பாதி. காகிதக் கீற்றைத் திரும்பத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, புது பர்னர் இடத்தில் நடுக்கம் மட்டுமே. வெளிப்புறமாகத் திறக்கும் கதவுள்ள ஜன்னலாக இருந்தால், அடுப்புப் பக்கத்துக் கதவை நிரந்தரமாகப் பூட்டி அதே பலனைப் பெறலாம். உட்புறமாகத் திறக்கும் கதவு அடுப்பருகே இருந்தால் பாத்திரத்தைத் தட்டிவிடும், அதை முதலில் மாற்ற வேண்டும்.

திரைச்சீலை போயிற்று. வெயில் தடுக்க அந்தக் கண்ணாடியிலேயே பனிக்கண்ணாடி போன்ற தாள் ஒட்டினேன், அடுப்பு இரண்டரை அடி தள்ளி இருப்பதால் அங்கே சூடு படவில்லை. கொசுவலை நைலான். அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது, தொட்டால் விரலில் ஒட்டும் அளவுக்கு. எளிதில் உருகும் வலை, மேலே எரியக்கூடிய பிசுக்கு, சுடருக்கு ஓர் அடி தூரம்: பழைய ஏற்பாட்டிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். துருப்பிடிக்காத எஃகு வலை மாட்டினேன், அதைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவலாம்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் 40 டிகிரி செல்சியஸ் அளவு வித்தியாசம் வந்தாலே விரிசல் விடக்கூடும். உள்ளே அடுப்புச் சூடு, வெளியே மழைச்சாரல் என்றால் அந்த வித்தியாசம் சுலபமாக வரும். பதப்படுத்திய கண்ணாடி (டஃபன்டு கிளாஸ்) இதைப்போல் பல மடங்கு தாங்கும். யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன ஜன்னல் சட்டங்கள் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். பழைய இடத்துக்கு நேர் மேலே சட்டத்தின் அடிப்பகுதி லேசாக வளைந்து, கதவு அந்த இடத்தில் மட்டும் உரசிக்கொண்டிருந்தது. சூடு எதுவரை எட்டியிருக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஃபேனும் ஜன்னலும்

பலர் வீட்டில் ஃபேனையும் போட்டு, அதற்குக் கீழேயே ஜன்னலையும் திறந்து வைப்பதைப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்று தோன்றும். நடப்பது வேறு. ஃபேன் தனக்கு மிக அருகில் கிடைக்கும் காற்றையே இழுக்கும். ஜன்னல் வழியாக உள்ளே வரும் புதுக்காற்று நேராக ஃபேனுக்குப் போய் வெளியேறிவிடும், அடுப்புக்கு மேல் உள்ள புகை அப்படியே நிற்கும். இதையும் காகிதக் கீற்றை வைத்துத்தான் பார்த்தேன். ஃபேன் ஓடும்போது ஜன்னல் திறந்திருந்தால் கீற்று ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் நடுவில் மட்டுமே ஆடுகிறது. ஜன்னலை மூடி வாசலைத் திறந்தால், அடுப்புக்கு மேல் ஓரடி உயரத்தில் தொங்கும் கீற்று மெதுவாக ஃபேன் பக்கம் சாய்கிறது. பர்னர் மட்டத்தில் அசைவே இல்லை. நமக்கு வேண்டியது சரியாக இதுதான்: புகை நகர வேண்டும், சுடர் நகரக் கூடாது.

இப்போது சமைக்கும்போது ஜன்னல் மூடி, ஃபேன் ஓடி, வாசல் திறந்திருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் வலப்பக்க ஜன்னல் கதவு திறக்கும். அறையை முழுக்க அடைத்து மட்டும் சமைப்பதில்லை, எரிவதற்கு அவ்வளவு காற்று வேண்டும் என்று மேலே சொன்ன கணக்கு அதற்குத்தான். புகைபோக்கி வைத்த காஸ் வாட்டர் ஹீட்டர் அருகில் இருக்கும் வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அடைத்த வீட்டில் பலமான எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அந்தப் புகைபோக்கியின் கழிவுக் காற்றையே உள்ளே இழுத்துவிடும். காஸ் வாசனை வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடவே கூடாது, அதன் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும்.

நகர்த்தவே முடியாத வீடுகள்

சில சமையலறைகளில் ஜன்னலடி தவிர வேறு மேடையே இருக்காது. அங்கே என்னால் சொல்லக்கூடியது, ஜன்னலின் கீழ்ப்பாதியைத் திறக்காத கண்ணாடியாக்கி, மேல்பாதியை மட்டும் திறப்பது. அதற்குப் பதப்படுத்திய கண்ணாடி போடுங்கள். கொண்டியை எட்டாமல் பக்கத்திலிருந்து திறக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. காற்றுத் தடுப்பாக எஃகுத் தகடு வைப்பதானால் ஜன்னல் பக்கம் மட்டும், பாத்திரத்திலிருந்து ஒரு கையகலம் தள்ளி. மூன்று பக்கமும் சுற்றி அடைத்தால் சுடருக்குக் காற்று குறையும், சூடு கீழே திரும்பிக் குமிழையும் குழாயையும் வாட்டும். இன்டக்ஷன் அடுப்புக்கு மாற முடிந்தால் சுடர் அணையும் பிரச்சினையே இல்லை. மழைச்சாரலும் வயரும் சேரக் கூடாது என்பதை மட்டும் அங்கே பார்த்துக்கொள்ள வேண்டும். சுடர் அணைந்தால் காஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்பு, ஜன்னலடி வீடுகளுக்கு ஆடம்பரம் அல்ல, அவசியம். அடுத்த அடுப்பு வாங்கும்போது நானும் அதைத்தான் வாங்குவேன், காற்று இப்போது தொல்லை தராவிட்டாலும்.

புது இடத்தில் எனக்கு இருந்த ஒரே குறை வெளிச்சம். ஜன்னல் இப்போது வலத்தோளுக்குப் பக்கத்தில் வருகிறது, பாத்திரத்தின் உள்ளே நிழல். கழற்றிய அலமாரியின் பக்கத்து அலமாரியில், அடுப்புக்கு நேர் மேலே வராமல் பக்கவாட்டில், ஒரு எல்இடி பட்டையைப் பொருத்தினேன். வயர் அடுப்புக்கு மேலே போகாமல் தொட்டிக்கு எதிர்ப்புறமாகச் சுற்றி வருகிறது. அடுப்பு இருந்த ஜன்னலடி மேடை இப்போது காய் நறுக்கும் இடம். பகல் வெளிச்சம் நன்றாக வருவதால் அந்த வேலைக்கு அதுவே பொருத்தம். மிச்சமிருப்பது காஸ் கசிவு அலாரம் ஒன்று. சிலிண்டர் காஸ் என்பதால் அதைத் தரையிலிருந்து ஓரடிக்குள், தொட்டியின் தண்ணீர் தெறிக்காத சுவரில் மாட்ட இடம் குறித்து வைத்திருக்கிறேன்.